பெரிய அளவில் ஒரு ஹரிக்கேன் போர்விமான மாடல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மாடியறையில் மூன்றாவது பெரிய விமானம் உருவாகிக்கொண்டிருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்துப் பிரிட்டிஷ் போர்விமானமான ஹாக்கர் ஹரிக்கேன், 1/24 அளவு. பிளாஸ்டிக் பாகங்களை வெட்டி, தேய்த்து, ஒட்டி, வண்ணம் பூசிச் செய்யும் மாடல். வீட்டுக்கு வருகிறவர்களும், தென்காசி, வள்ளியூர் பக்கமிருந்து தொலைபேசியில் அழைக்கும் இளைஞர்களும் ஏறத்தாழ ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன். இந்தக் கலையைப் பற்றிய வழிகாட்டிகள் பெரும்பாலும் குளிர்நாட்டு வீடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நம் வெயிலும் மேல்காற்றும் கிணற்று உப்புத் தண்ணீரும் அவற்றில் வருவதில்லை.

பெரிய அளவு என்றால் எவ்வளவு பெரியது?

1/24 என்பது அசலில் இருபத்து நான்கில் ஒரு பங்கு. ஹரிக்கேனின் இறக்கை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை 12.19 மீட்டர். 1/72 அளவில் அது 17 செ.மீ., 1/48-இல் 25 செ.மீ., 1/32-இல் 38 செ.மீ., 1/24-இல் 51 செ.மீ. கடைசி இரண்டையும்தான் பெரிய அளவு என்கிறோம்.

நீளம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்காகிறது. 1/48 மாடலுக்கு ஒரு புட்டி வண்ணம் போதுமென்றால் 1/24-க்கு நான்கு வேண்டும். தேய்க்கும் நேரமும் அப்படியே. நம் ஊர் வீடுகளில் சுவருக்குள் கட்டிய அலமாரி ஓரடி ஆழம்தான் இருக்கும். 1/24 ஹரிக்கேன் மூக்கிலிருந்து வால்வரை 41 செ.மீ. எப்படித் திருப்பி வைத்தாலும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். பெட்டி வாங்குவதற்கு முன்பே அதை வைக்கப்போகும் இடத்தை அளந்துவிடுங்கள்.

அண்ணாச்சி, முதல் முறையே பெரியதில் தொடங்கலாமா?

வேண்டாம். 1/72-இல் இரண்டு, 1/48-இல் ஒன்று செய்துவிட்டு வாருங்கள். பாகங்களுக்கு இடையே விழும் சந்துகளை நிரப்பித் தேய்ப்பதையும் வண்ணத்தைச் சரியான பதத்தில் கரைப்பதையும் விலை குறைந்த பெட்டியில் பழகுவதே நல்லது.

எத்தனையோ விமானங்கள் இருக்க, ஏன் ஹரிக்கேன்?

அதே காலத்துப் பிரிட்டிஷ் போர்விமானமான ஸ்பிட்ஃபயர் அழகி, எல்லோரும் அவளைத்தான் முதலில் கேட்பார்கள். மாடல் பெட்டிகள் செய்யும் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1970-இல் தன் முதல் 1/24 விமானமாக வெளியிட்டதும் ஸ்பிட்ஃபயர்தான். ஹரிக்கேன் 1973-இல் வந்தது. இப்போது டிரம்பெட்டர் 1/24-இலும், ரெவெல் 1/32-இலும் ஹரிக்கேன் தருகின்றன. ஆகவே தேர்வுக்குக் குறைவில்லை.

ஹரிக்கேனை நான் தேர்ந்தெடுத்ததற்கு இரண்டு காரணங்கள். முதலாவது, அதன் கட்டுமானம். சிட்னி கேம் வடிவமைத்த இந்த விமானம் 1935 நவம்பர் 6-இல் முதன்முதலாகப் பறந்தது. அதற்கு ஒரு கால் பழைய இரட்டை இறக்கை விமானக் காலத்தில், மறு கால் புதிய உலோக விமானக் காலத்தில். உடலுக்குள் எஃகுக் குழாய்களால் ஆன கூண்டு, அதன்மேல் மரச்சட்டங்கள், பின்பாதியில் இழுத்துப் போர்த்திய துணி. முன்பாதி உலோகத் தகடு. பாய் முடைவதையும் கட்டில் கட்டுவதையும் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தக் கூண்டைப் பார்த்தவுடனே புரிந்துவிடும்.

இரண்டாவது காரணம் சொந்தக் காரணம். என் பாட்டியின் அண்ணன் ரங்கூனில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். 1942-இல் ஜப்பானியர் வந்தபோது தமு, பலேல் வழியாக நடந்தே இம்பால் வந்து சேர்ந்த கூட்டத்தில் அவரும் ஒருவர். நம் மாவட்டத்தில் இப்படி ஒரு முன்னோர் இருந்த வீடுகள் குறைவல்ல. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1944-இல், அதே மலைப்பாதைகளின்மேல் தாழப் பறந்து எதிரிப்படையின் நடமாட்டத்தை வேவு பார்த்தது இந்திய விமானப்படையின் முதலாம் படையணி. அவர்கள் ஓட்டியது ஹரிக்கேன். படையணித் தலைவர் அர்ஜன் சிங். அந்தப் பணிக்காக அவருக்கு அதே ஆண்டு டி.எஃப்.சி. என்னும் பிரிட்டிஷ் வீரப்பதக்கம் கிடைத்தது. பின்னாளில் இந்திய விமானப்படையில் மார்ஷல் பதவி பெற்ற ஒரே மனிதர் அவர்தான். மேசையில் இருப்பது எந்தப் படையணியின் விமானம் என்று முடிவு செய்துவிட்டால் வண்ணம், சின்னம், அழுக்கு எல்லாவற்றுக்கும் விடை அங்கிருந்தே கிடைத்துவிடும். முடிவு செய்யாமல் தொடங்கினால் ஒவ்வொரு கட்டத்திலும் திணறுவீர்கள்.

இன்னொரு தகவலும் உண்டு. பிரிட்டிஷ் விமானப்படையின் 79, 234, 264 ஆகிய மூன்று படையணிகள் சென்னை மாகாணத்தின் பெயரைத் தாங்கியவை. இவற்றில் 79-ஆம் படையணி பர்மாப் போர்முனையில் ஹரிக்கேன் ஓட்டியது. ‘மெட்ராஸ் பிரசிடென்சி’ என்ற பெயருள்ள படையணியின் விமானத்தைச் செய்ய விரும்புகிறவர்கள் அதையும் எடுத்துக்கொள்ளலாம்.

நேதாஜியின் படைக்கு எதிராகப் பறந்த விமானத்தைச் செய்வது சரியா?

இதைக் கேட்டவர் ஒரு பெரியவர். கோபத்தோடு கேட்கவில்லை, வருத்தத்தோடு கேட்டார். அவருக்குச் சொன்னதையே எழுதுகிறேன். இம்பால் போரில் இருபுறமும் இந்தியர்கள் இருந்தார்கள். இந்திய தேசிய ராணுவத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர்கள் ஏராளம். ஜான்சி ராணிப் படையின் பெண்களில் பெரும்பாலோரும் அப்படிப்பட்ட தமிழ்க் குடும்பத்தினரே. 1944 ஏப்ரல் 14-இல் மொய்ராங்கில் இந்திய தேசிய ராணுவத்தினர் கொடி ஏற்றியபோது, அங்கிருந்து சில பத்துக் கிலோமீட்டர் தொலைவில் இம்பாலில் அர்ஜன் சிங்கின் விமானங்கள் நின்றன.

எங்கள் வீட்டுக் கூடத்தில் நேதாஜி படம் மாட்டியிருக்கிறது. அது என் தாத்தா மாட்டியது. மாடியில் ஹரிக்கேன் இருக்கிறது. இரண்டில் ஒன்றை எடுத்துவிட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. இரண்டு பக்கமும் நம் பிள்ளைகள் செத்தார்கள். விமானத்தைக் கூர்ந்து செய்யும்போது அதை ஓட்டியவன் எவ்வளவு குறுகிய இருக்கையில், எவ்வளவு மெல்லிய துணிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான் என்பது கைக்குத் தெரிகிறது. கீழே காட்டில் நின்றவன் நிலையையும் அது நினைக்க வைக்கிறது. எதிரி விமானங்களை வீழ்த்திய எண்ணிக்கைக் குறிகளை மட்டும் நான் என் மாடல்களில் இடுவதில்லை.

கருவிகளை எங்கே வாங்குவது?

பாதிக்கு மேல் திருநெல்வேலி டவுனிலேயே கிடைக்கும். நகைப் பட்டறைகளுக்குக் கருவி விற்கும் கடைக்குப் போங்கள். மெல்லிய முனையுள்ள சாமணம், ஊசி அரங்கள், சின்னக் குறடு, விரலால் திருகும் கைத்துளைப்பான், தலையில் மாட்டும் உருப்பெருக்கிக் கண்ணாடி எல்லாம் அங்கே இருக்கின்றன. பொன்வேலைக்காரர்களின் கருவி நம் வேலைக்கு அளந்து செய்ததுபோல் பொருந்துகிறது. ஹரிக்கேன் இரண்டாம் வகையின் ‘சி’ பிரிவில் இறக்கைக்கு இரண்டாக நான்கு பீரங்கிகள் உண்டு; குழாய்த் துளை 20 மி.மீ. அது 1/24-இல் 0.8 மி.மீ. ஆகிறது. பிளாஸ்டிக் குழாயின் முனையில் அந்தத் துளையைப் போடுவதற்குப் பொன்வேலைத் துளைப்பான்தான் வேண்டும். எனக்கு அதைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் தெருவில் இருந்த ஆசாரி ஒருவர். துளைப்பானை அழுத்தாதே, அதன் எடையிலேயே இறங்கட்டும் என்பார். அப்படிச் செய்த நாள்முதல் ஒரு குழாயும் எனக்குப் பிளந்ததில்லை.

வன்பொருள் கடையில் ‘வாட்டர் பேப்பர்’ என்று கேட்டால் தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள் தருவார்கள். 400, 800, 1200, 2000 எண்களில் வாங்குங்கள். வண்ணத்தைக் கரைக்கும் தின்னரை அளக்க மருந்துக்கடை ஊசிக்குழல். காற்றழுத்தத்தால் வண்ணம் தூவும் ஏர்பிரஷ், அதற்குக் காற்று தரும் கம்ப்ரசர், தண்ணீர்போல் ஓடும் மாடல் பசை, வண்ணங்கள் ஆகியவற்றை மட்டும் வெளியூரிலிருந்து தருவிக்க வேண்டியிருக்கிறது.

உட்காரும் விதமும் ஒரு கருவிதான். வெள்ளை வேட்டியை மடியில் விரித்து, அதன் ஓரத்தை மேசை விளிம்பில் இரண்டு கிளிப்பால் மாட்டிவிடுங்கள். சாமணத்திலிருந்து துள்ளும் பாகம் மடியில் விழும். பத்தமடைப் பாயின்மேல் உட்கார்ந்து வேலை செய்யாதீர்கள். கோரை இடுக்கில் ஒரு சின்ன நெம்புகோல் போனால் போனதுதான்.

பெட்டி வந்தவுடன் என்ன செய்ய வேண்டும்?

அன்றே திறந்து, வழிமுறைத் தாளில் உள்ள படத்தோடு, பாகங்கள் ஒட்டிவரும் ஒவ்வொரு பிளாஸ்டிக் சட்டத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கண்ணாடிப் பாகங்களை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து விரிசல் தேடுங்கள். எனக்கு ஒருமுறை முன்கண்ணாடி விரிசலோடு வந்தது. நான்கு மாதம் கழித்துத்தான் பார்த்தேன். விற்றவரிடம் கேட்கும் காலம் கடந்திருந்தது. பிறகு பாத்திரம் கழுவும் சோப்பு கரைத்த வெதுவெதுப்பான நீரில் சட்டங்களைக் கழுவி நிழலில் உலர்த்துங்கள். அச்சிலிருந்து எளிதாகக் கழன்றுவரப் பூசும் எண்ணெய்ப் படலம் ஒட்டியிருந்தால் வண்ணம் பிடிக்காது.

மே மாதத்தில் பெட்டியைப் பூட்டிய காரில் விட்டுவிட்டுத் திருமண வீட்டுக்குப் போகாதீர்கள். மெல்லிய நீண்ட பாகங்கள் வளைந்துவிடும். வளைந்த பாகத்தைச் சுடுநீரில் சில நொடிகள் முக்கி, கையால் நேராக்கி, உடனே குளிர்ந்த நீரில் வைத்தால் பெரும்பாலும் திரும்பிவிடும்.

வழிமுறைத் தாளில் உள்ள வரிசைப்படிதான் ஒட்ட வேண்டுமா?

அந்த வரிசை, பாகம் எங்கே போகிறது என்று காட்டுவதற்காகப் போட்டது. வண்ணம் பூசும் வசதியை அது கணக்கில் எடுப்பதில்லை. சக்கரக் கால்களை ஐந்தாம் படியில் ஒட்டச் சொல்வார்கள். ஒட்டினால் அடுத்த மூன்று மாதமும் அவற்றை உடைத்து உடைத்து ஒட்டுவீர்கள். தாளை முழுவதும் இரண்டு முறை வாசியுங்கள். பசையில்லாமல் பாகங்களைச் சேர்த்து, டேப்பால் கட்டி, பொருந்துகிறதா என்று பாருங்கள். நான் உடலின் இரண்டு பாதிகளையும் இறக்கைகளையும் இப்படி டேப்போடு ஒரு வாரம் மேசையில் வைத்திருப்பேன். எங்கே சந்து வரும், எது இடிக்கும் என்பதெல்லாம் அந்த வாரத்தில் தெரிந்துவிடும். பசை தொட்ட பிறகு தெரிந்தால் அறுவை வேலைதான்.

விமானி அறையில் இவ்வளவு நேரம் செலவிட வேண்டுமா?

வேண்டும். 1/72-இல் அது ஒரு கரும்புள்ளி. 1/24-இல் பார்க்கிறவர்களின் கண் முதலில் போய் நிற்கும் இடம் அதுதான். ஹரிக்கேனில் தரைப்பலகை கிடையாது. விமானியின் காலடியில் இரண்டு மிதிதடங்கள் மட்டும். அவற்றுக்குக் கீழே கூண்டும் குழாய்களும் இருட்டும். அந்த இருட்டைக் காட்ட வேண்டும். கூண்டுக் குழாய்களுக்கு வெள்ளிச் சாயம், இருக்கைக்கும் பக்கப் பலகைகளுக்கும் சாம்பல் கலந்த பச்சை, கருவிப்பலகைக்குக் கறுப்பு. கறுப்பு என்று புட்டியில் உள்ளதை அப்படியே பூசாதீர்கள். ஒரு துளி வெள்ளை கலந்து அடர்சாம்பலாக்கினால்தான் சின்ன அளவில் கறுப்பாகத் தெரியும்.

கருவிப்பலகையின் நடுவில் ஆறு வட்டங்கள் ஒரு தொகுதியாக இருக்கும். வேகம், செயற்கை அடிவானம், ஏறும் வேகம், உயரம், திசை, திருப்பம். மேகத்துக்குள் எதுவும் தெரியாதபோது விமானி நம்பியிருந்தது இந்த ஆறையும்தான். பருவமழைக் காலத்தில் மணிப்பூர் மலைகளுக்கு இடையே பறந்தவர்களுக்கு அவை எவ்வளவு வேண்டியிருந்திருக்கும்! ஒவ்வொரு வட்டத்திலும் டெக்கால் (நீரில் ஊறவைத்து ஒட்டும் மெல்லிய அச்சுப்படம்) வைத்து, உலர்ந்தபின் ஒரு துளி பளபளப்பு வார்னிஷ் விடுங்கள். கண்ணாடி பதித்ததுபோல் ஆகிவிடும். இருக்கைப் பட்டைகளை மாஸ்கிங் டேப்பை மெல்லிய நாடாவாக வெட்டிச் செய்யலாம். கொக்கிக்கு மெல்லிய செம்புக் கம்பி போதும். கட்டுப்பாட்டுக் கோலின் தலை வளையமாக இருக்கும். சில கிட்களில் (மாடல் பெட்டிகளில்) அது தடித்துப்போய் வருகிறது, ஊசி அரத்தால் மெலிதாக்குங்கள். என் ஹரிக்கேனில் இந்த ஓரறைக்கு மட்டும் ஐப்பசியும் கார்த்திகையும் போயின.

எஞ்சினைத் திறந்து காட்டுவதா, மூடுவதா?

பெட்டிக்குள் முழு மெர்லின் எஞ்சின் இருக்கும். பன்னிரண்டு சிலிண்டர், 27 லிட்டர். அதைச் செய்துவிட்டு மூட மனம் வராது என்பது உண்மை. ஆனால் எஞ்சின் மூடி, துப்பாக்கி அறைகள் எல்லாவற்றையும் ஒரே மாடலில் திறந்து வைத்தால் ஹரிக்கேனின் அந்தக் கூன்முதுகு உருவமே சிதறிவிடுகிறது. நான் இடப்பக்க எஞ்சின் மூடியை மட்டும் கழற்றி வைக்கிறேன். அதையும் ஒட்டாமல், எடுத்து மாட்டும்படி. மற்றவை மூடியே இருக்கும்.

மூடப்போகும் பக்கத்தில் எஞ்சினின் குழாய்களை முழுதாகச் சேர்க்காதீர்கள். அவை மூடியை ஒரு மில்லிமீட்டர் தூக்கிப் பிடிக்கும். அந்த இடைவெளியை எந்தப் பட்டிப் பூச்சாலும் மறைக்க முடியாது.

இறக்கை உடலோடு சேரும் இடத்தில் சந்து வருகிறதே?

ஹரிக்கேனின் நடு இறக்கை தட்டையாகவும், வெளி இறக்கைகள் 3.5 பாகை மேல்நோக்கிச் சாய்ந்தும் இருக்கும். இந்தச் சாய்வு இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால் பாதிச் சந்து தானாகவே மறையும். அட்டையில் அந்தக் கோணத்தை வெட்டி, இறக்கைக்கு அடியில் முட்டுக்கொடுத்து, பசை இறுகும்வரை ஒருநாள் முழுதும் அப்படியே விடுங்கள். கண்ணளவை நம்பாதீர்கள்.

மிஞ்சும் சந்துக்கு, சட்டத்தின் மீதித் துண்டுகளை மாடல் பசையிலேயே கரைத்துக் குழம்பாக்கிப் பூசுகிறேன். உலர்ந்தால் அதுவும் பிளாஸ்டிக்தான், சுற்றியுள்ளதைப்போலவே தேயும். ஆனால் இரண்டு நாளாவது உலர வேண்டும். மறுநாளே தேய்த்தால் ஒரு வாரத்தில் அந்த இடம் உள்வாங்கிக் கோடு தெரியும். தேய்த்தபின் பிரைமர் என்னும் அடிப்பூச்சு அடித்துப் பாருங்கள். வீட்டுச் சுவருக்குப் பட்டி பார்க்கிறவர்கள் பக்கவாட்டில் விளக்கைப் பிடித்து மேடுபள்ளம் பார்ப்பார்களே, அதே முறைதான்.

துணி போர்த்திய பகுதியை எப்படிக் காட்டுவது?

பெரும்பாலான கிட்களில் துணிக்குக் கீழுள்ள சட்டங்கள் விலா எலும்புபோல் துருத்திக்கொண்டிருக்கும். அசலில் துணி முரசுத்தோல்போல் விறைத்திருந்தது. சட்டத்துக்கு இடையே மிக மெல்லிய தாழ்வுதான். 1000 எண் தாளால் மேட்டைத் தணியுங்கள். துணிப்பகுதிக்கு உலோகப்பகுதியைவிடச் சற்று மங்கலான வார்னிஷ் கொடுத்தால் வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். துணியின்மேல் வண்ணம் உரிந்து உலோகம் பளிச்சிடுவதாகக் காட்டுவது தவறு. அங்கே உலோகமே கிடையாது.

நம் ஊர் வெயிலில் எப்போது வண்ணம் பூசுவது?

எல்லாக் கேள்விகளையும்விட இந்தக் கேள்விக்குத்தான் நான் நீளமாகப் பதில் சொல்வேன், ஏனென்றால் இதில்தான் அதிக மாடல்கள் கெடுகின்றன.

சித்திரை, வைகாசியில் பாளையங்கோட்டை வெயில் 40 பாகையைத் தொடுகிறது. அக்ரிலிக் வண்ணம் ஏர்பிரஷின் ஊசிமுனையிலேயே உலர்ந்து அடைக்கும். முனையைத் தாண்டி வருவதும் காற்றிலேயே காய்ந்து, பரப்பில் மாவுபோல் படியும். அந்த மாதங்களில் வண்ணம் பூசியே ஆகவேண்டுமென்றால் காலை ஐந்திலிருந்து ஏழுக்குள் முடியுங்கள். உலர்வதைத் தாமதப்படுத்தும் திரவம் சில துளி சேருங்கள். அறையிலிருந்து மொட்டைமாடிச் சூடு இறங்கும் வேளை அது ஒன்றுதான்.

ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் விழும்போது நமக்கு வருவது காற்று. செங்கோட்டைக் கணவாய் வழியாகப் புகுந்து, கயத்தாற்றுக் காற்றாலைகளைச் சுழற்றும் அதே மேல்காற்று, சன்னல் இடுக்கு வழியாக மண்ணைக் கொண்டுவந்து ஈர வண்ணத்தில் தூவிவிடும். ஆடியில் நான் ஏர்பிரஷைத் தொடுவதில்லை. தேய்ப்பது, துளையிடுவது, அடுத்த விமானத்துக்குப் படம் சேகரிப்பது ஆகியவை ஆடிக்கான வேலைகள்.

ஐப்பசி, கார்த்திகையில் மழை. தின்னரில் கரையும் லாக்கர் வண்ணமும் வார்னிஷும் அப்போது வெளுத்துப்போகும். தின்னர் விரைந்து ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. காற்றின் ஈரம் அங்கே படிந்து பால்நிறப் படலமாகிறது. என் இரண்டாவது விமானத்தின் கறுப்புச் சுழலி (புரொப்பெல்லர்) இப்படித்தான் சாம்பல் பூத்தது. வெயில் வந்த நாளில் மெதுவாக உலரும் தின்னரை மட்டும் மெல்லிய தூவலாக அடித்தபோது திரும்பியது. கம்ப்ரசர் குழாயில் ஈரம் பிடிக்கும் குடுவை இல்லாமல் மழைக்காலத்தில் வேலை செய்யவே கூடாது.

தையும் மாசியும்தான் நமக்குப் பொன்னான மாதங்கள். காற்று அடங்கி, ஈரம் குறைந்து, வெயில் ஏறாமல் இருக்கும். ஆகவே நான் ஐப்பசியில் பெட்டியைத் திறந்து, மழைக்காலம் முழுதும் உள்வேலையும் ஒட்டும் வேலையும் செய்து, பொங்கல் முடிந்ததும் வண்ணத்துக்கு வருகிறேன். வண்ணம் பால் பதத்தில் இருக்கட்டும், கம்ப்ரசரின் காற்றழுத்தம் 15 முதல் 20 பி.எஸ்.ஐ.க்குள் இருக்கட்டும். ஒரே தடவையில் மூட முயலாமல் மூன்று மெல்லிய பூச்சாகக் கொடுங்கள். சன்னலைத் திறந்து, வெளியே இழுக்கும் விசிறி வைத்து, முகக்கவசம் அணிந்தே பூச வேண்டும். தின்னர் இருக்கும் அறையில் விளக்குத் திரியோ ஊதுவத்தியோ எரியக் கூடாது.

ஏர்பிரஷ் இல்லாமல் தூரிகையால் பூசலாமா?

1/32 வரை பூசலாம். அகலமான மென்தூரிகையும் எனாமல் வண்ணமும் வேண்டும். 1/24-இன் பரப்பில் தூரிகைத் தடம் தெரியாமல் பூச என்னால் முடிந்ததில்லை.

இந்திய ஹரிக்கேனுக்கு என்ன நிறம், என்ன சின்னம்?

பர்மாப் போர்முனை ஹரிக்கேன்களில் பொதுவாக மேற்பரப்பில் அடர்பச்சையும் மண்பழுப்பும் அலையலையாக, அடியில் நடுத்தரச் சாம்பல். பெட்டியில் வரும் டெக்கால்களில் நடுவில் சிவப்புள்ள வட்டம் இருந்தால் 1944 இம்பாலுக்கு அதைப் பயன்படுத்தாதீர்கள். ஜப்பானிய விமானத்தின் செஞ்சூரியன் சின்னத்தோடு குழம்பிச் சொந்தப் படையே சுட்டுவிடக் கூடாது என்பதற்காக 1943-இல் சிவப்பு நீக்கப்பட்டது. முதலில் நடுவட்டம் வெள்ளையாகவும், பிறகு வெளிர்நீலமாகவும் மாறியது. சுழலி இலைகள் கறுப்பு, நுனி நாலங்குலம் மஞ்சள். 1/24-இல் அது 4 மி.மீ.

மூக்கின் அடியில் தாடிபோல் தொங்கும் தூசு வடிகட்டி பல ஹரிக்கேன்களில் உண்டு. நீங்கள் செய்யும் குறிப்பிட்ட விமானத்தின் புகைப்படத்தைப் பார்த்தே சேருங்கள். நேரில் பார்க்க வேண்டுமென்றால் டெல்லி பாலத்தில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில் ஹரிக்கேனும் ஸ்பிட்ஃபயரும் நிற்கின்றன. நான் போன அன்று இரண்டு மணி நேரம் ஹரிக்கேன் அருகிலேயே நின்றேன்.

டெக்கால் ஒட்டியபின் வெள்ளைத் திட்டு வருகிறது. ஏன்?

உப்புத் தண்ணீர். ஆழ்துளைக் கிணற்று நீரில் ஊறவைத்த டெக்கால் உலரும்போது உப்பு படிந்துவிடுகிறது. பேட்டரிக் கடையில் விற்கும் வாலைவடி நீரைப் பயன்படுத்துங்கள். ஒட்டும் இடம் பளபளப்பு வார்னிஷோடு வழவழப்பாக இருக்க வேண்டும். சொரசொரப்பில் ஒட்டினால் அடியில் காற்று தங்கி வெள்ளியாக மினுக்கும்.

தேரி மண்ணைக் கரைத்துச் சக்கரத்தில் பூசினால் இயல்பாக இருக்காதா?

திசையன்விளைக்காரத் தம்பி ஒருவர் தம் பக்கத்துச் செம்மணல் மேடான தேரியிலிருந்து ஒரு பொட்டலம் சலித்த மண்ணே கொண்டுவந்து கொடுத்தார். அந்தச் சிவப்பு எனக்கும் பிடிக்கும். ஆனால் இம்பால் பள்ளத்தாக்கு ஆற்று வண்டல் படிந்த பூமி. அங்கே சக்கரத்தில் ஒட்டுவது பழுப்புச் சேறு. தேரிச் சிவப்பைப் பூசினால் அந்த விமானம் இம்பாலில் நிற்காது, குதிரைமொழித் தேரியில் நிற்கும். அவர் கொடுத்த மண் இன்னும் பத்திரமாக இருக்கிறது. வட ஆப்பிரிக்க விமானம் ஒன்று செய்தால் கலவைக்கு உதவலாம்.

அழுக்கை அளவோடு சேருங்கள். புகைக்குழாயிலிருந்து பின்னோக்கிப் படியும் கரி, எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் வழிந்த கோடு, விமானி ஏறும் இடத்தில் இறக்கைத் தேய்மானம். இவை மூன்றும் போதும். அந்த விமானங்களை மழையிலும் சேற்றிலும் இரவில் கைவிளக்கு வெளிச்சத்தில் பழுதுபார்த்த தரைப்பணியாளர்கள் இருந்தார்கள். குப்பைமேட்டில் கிடந்ததுபோல் காட்டுவது அவர்களின் உழைப்பை மறைப்பதாகும்.

கண்ணாடி மூடி பனிமூட்டம்போல் ஆகிவிட்டது. சரிசெய்ய முடியுமா?

உடனடிப் பசையால் ஒட்டியிருப்பீர்கள். அதன் ஆவி கண்ணாடிப் பிளாஸ்டிக்கில் வெண்மையாகப் படியும். எனக்கும் முதல் விமானத்தில் நேர்ந்தது. லேசாக இருந்தால் 2000 எண் தாளால் நீர் தொட்டுத் தேய்த்து, பிறகு பற்பசையால் மெருகிடுங்கள்; பெரும்பாலும் தெளிந்துவிடும். இனி கண்ணாடிக்குத் தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசைதான். அது உலர்ந்தால் தெளிவாகிவிடும், வழிந்தால் ஈரத்துணியால் துடைக்கலாம்.

எவ்வளவு நாளாகும், எவ்வளவு செலவாகும்?

மாலையில் ஒரு மணி நேரம் வீதம் எனக்கு ஏழெட்டு மாதம். பெட்டி பல ஆயிரம் ரூபாய். கருவிகளும் கம்ப்ரசரும் முதல் முறை ஏறத்தாழ அதே அளவு; பிறகு வாங்க வேண்டியதில்லை.

ரப்பர் டயர் கொடுத்திருக்கிறார்களே, நல்லதுதானே?

பார்க்க நன்றாக இருக்கும். சில வகை மென்டயர்களில் உள்ள எண்ணெய்ச் சத்து காலப்போக்கில் பிளாஸ்டிக் சக்கரத்தை உருக்கிவிடும். நம் வெப்பத்தில் அது இன்னும் விரைவு. சக்கரத்துக்கு முழு வண்ணமும் வார்னிஷும் பூசி, டயர் நேரே பிளாஸ்டிக்கைத் தொடாமல் பாருங்கள். பிளாஸ்டிக் டயரும் பெட்டியில் இருந்தால் அதையே மாட்டுங்கள்.

கடைசியாக ஒட்ட வேண்டியவை எவை?

உடையக்கூடியவை எல்லாம். இறக்கைக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் வேகமானிக் குழாய், பின்பார்வைக் கண்ணாடி, முதுகிலுள்ள வானொலிக் கம்பம். கம்பத்திலிருந்து வால்வரை ஓடும் கம்பி பழைய ஹரிக்கேன்களில் உண்டு. அதற்கு மீன்பிடிக்கும் தங்கூசியில் கிடைப்பதிலேயே மெல்லியது பொருந்தும். வி.எச்.எஃப். என்னும் புதுவகை வானொலி வந்தபின் அந்தக் கம்பி எடுக்கப்பட்டது. எனவே 1944 இம்பால் விமானத்துக்குக் கம்பம் மட்டும் போதும். அதை ஒட்டி, ஒரு நாள் அசைக்காமல் விட்டு, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.